கதவைத் திறந்தவர்களுக்கும் திறக்காதவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். இந்த மாதத்தோடு நான் நம் பகுதியின் சமூகப் பணி ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். விடைபெறும் கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்தபோது "எல்லோருக்கும் நன்றி" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் பேசினால் அழுதுவிடுவேன் என்ற பயம்தான். அன்று தொண்டையில் நின்றுபோனதை இப்போது எழுதுகிறேன்.

யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டுக்குள் நடந்ததைப் பல ஆண்டுகளாக என்னிடம் நம்பிச் சொன்னீர்கள். அவற்றைத் தெருவில் வைக்கும் உரிமை எனக்கில்லை. இதைப் படிக்கும்போது "இது நான்தான்" என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அது போதும்.

முதல் நன்றி, எனக்குக் கதவைத் திறக்காத அக்காவுக்கு. வேலையில் சேர்ந்த புதிதில் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் நான்கு பக்கப் படிவமுமாக வந்து நின்றேன். வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, கடன் உண்டா, யாராவது குடிப்பார்களா என்று அதில் கேள்விகள். முன்பின் தெரியாத ஒருவர் என் வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று ஒருமுறைகூட யோசித்துப் பார்க்கவில்லை. நீங்கள் ஜன்னல் வழியாகவே கேட்டீர்கள்: "போன வருஷமும் ஒருத்தங்க வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. அந்தத் தாள் எங்க?" என்னிடம் பதில் இல்லை. அலுவலகத்தில் தேடிப் பார்த்தேன், அங்கும் இல்லை.

மூன்றாவது முறை படிவம் இல்லாமல் வந்தேன். அப்போதும் கதவு திறக்கவில்லை. ஆனால் நீங்கள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தீர்கள். உங்கள் கடனைப் பற்றியோ வருமானத்தைப் பற்றியோ பேசவில்லை. மூன்றாவது சந்தில் விளக்கு எரியாததைப் பற்றியும், இரவு வேலை முடிந்து வரும் பெண்கள் அந்த இடத்தை ஓடிக் கடப்பதைப் பற்றியும் பேசினீர்கள். எங்கள் நான்கு பக்கப் படிவத்தில் விளக்கைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அதன் பிறகுதான், எழுதிக்கொண்டு போவதை அதே தெருவில் திரும்பவந்து வாசித்துக் காட்ட வேண்டும் என்ற வழக்கம் எங்களுக்கு வந்தது. நாங்கள் மறந்தாலும் நீங்கள் விட்டதில்லை.

அடுத்தது, எங்களுடைய ஒரு அறிக்கையைக் கிழிக்காத குறையாகத் தூக்கிப் போட்ட தாய்க்கு. பெற்றோர் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைத்தோம். நான்கு பேர் வந்தார்கள். "பெற்றோரிடையே ஆர்வம் குறைவு" என்று எழுதினேன். ஆமாம், நான்தான் எழுதினேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் சத்தம் போட்டது இன்னும் காதில் கேட்கிறது. அந்த நேரத்தில் யார் வீட்டில் இருக்கிறார்கள்? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் கூலியை யார் தருவார்கள்? கைக்குழந்தையை எங்கே விட்டுவிட்டு வருவது? ஆர்வக் குறைவு எங்களுக்குத்தான் என்பது அன்று உறைத்தது.

கூட்டம் இரவு ஏழரைக்கு மாறியது. கூடத்தின் ஒரு மூலையில் பாய் விரித்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பாட்டிகள் முன்வந்தார்கள். பாட்டிகளே, நீங்கள் இல்லையென்றால் ஒரு கூட்டம்கூட நடந்திருக்காது. இதில் எனக்கு ஒரு வெட்கமும் உண்டு. 1889-இல் சிகாகோவின் ஏழைத் தொழிலாளர் பகுதி ஒன்றில், சமூகப் பணியின் முன்னோடிகளான ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் குடியேறி 'ஹல் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். அங்கே அவர்கள் முதலில் ஆரம்பித்தவற்றில் ஒன்று சின்னப் பிள்ளைகளுக்கான வகுப்பு. இதைப் பாடமாகப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனாலும் பாய் விரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே ஜேன் ஆடம்ஸ் 1895-இல் தன் வட்டாரத்துக்குக் குப்பை ஆய்வாளராகவே பொறுப்பேற்று, விடியற்காலையில் குப்பை வண்டிகளின் பின்னால் போனார். அந்த வேலையை நம் பகுதியில் செய்தவர்கள் மாலையில் மதில்மேல் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். நாங்கள் கை கழுவும் முறையை வாரக்கணக்கில் விளக்கிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் குப்பை மலையாக உயர்ந்துகொண்டிருந்தது. தம்பிகள் ஒரு நீல நோட்டு வாங்கி, வண்டி வந்த தேதி, வராத தேதி என்று எழுதத் தொடங்கினார்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனபோது "அப்படியெல்லாம் இல்லையே" என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உங்களை 'வேலையில்லாத பையன்கள்' என்று என் குறிப்பில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செவிலியர் அக்காவுக்கு ஒரு தனி மடலே எழுதலாம். வயிற்றுப்போக்கு பரவிய அந்த வாரங்களில், உப்புச் சர்க்கரைக் கரைசலை நீங்கள் மேடையில் நின்று விளக்கவில்லை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒவ்வொரு தாயையும் தன் கையாலேயே கலக்க வைத்தீர்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் பார்த்துப் பார்த்துத் திருத்தினீர்கள். அப்போது ஒரு பெண் கேட்டார், "ஒரு லிட்டர்னு எப்படி அளக்கிறது?" நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் வீட்டிலும் அளவுப் பாத்திரம் இல்லை. கரண்டிகளும் வீட்டுக்கு ஒரு அளவு. மறுநாள் நீங்கள் காலி பாட்டில்களைச் சேகரித்து, ஒரு லிட்டர் வரும் இடத்தில் நகப்பூச்சால் கோடு போட்டு, ஒரே அளவுக் கரண்டியோடு வீடு வீடாகக் கொடுத்தீர்கள். இந்தக் கரைசலுக்கென்றே உள்ள ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதையே கரைத்துக் கொடுங்கள், குழந்தையின் கண் குழிந்துபோனாலோ, குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சலிக்காமல் சொன்னீர்கள். சிவப்புக் கோடு போட்ட அந்தப் பாட்டில்களை இன்றும் சில வீட்டு அலமாரிகளில் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற எழுத்தர் ஐயாவுக்கு நன்றி. குழந்தை பிறந்த உடனே பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு சொல்கிறது. காகிதத்தில் அது ஒரு வரிதான். பிறப்புச் சான்றிதழ் இல்லாத மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்தபோது, அந்த ஒரு வரிக்காக ஐயா எத்தனை வரிசையில் நின்றார் என்று எனக்குத் தெரியும். நான் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தேன். "கடிதம் வழி காட்டாது சார், கூடப் போகணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எந்த ஜன்னல், எந்தத் தாள், எத்தனை நகல் என்று அவர் எழுதிவைத்த அட்டை கூடத்துச் சுவரில் தொங்குகிறது. யாரும் கழற்றிவிட வேண்டாம்.

இனி எழுதக் கஷ்டமான பகுதி. சேர்ந்த இரண்டாம் ஆண்டில் துணிமணியும் வீட்டுச் சாமானும் நன்கொடையாக வந்தன. உங்களை வரிசையில் நிற்கவைத்தோம். பெயர் கூப்பிட்டுக் கொடுத்தோம். படமும் எடுத்தோம். ஒரு சிறுவன் தன் வகுப்புத் தோழன் அந்தப் பக்கம் வருவதைப் பார்த்துவிட்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அன்றிரவு அந்த அப்பா வாங்கிய பையைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. "பையன் போட மாட்டேங்கிறான் சார்" என்று மட்டும் சொன்னார்.

ஐயா, உங்களிடம் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அப்புறம் நான் ஜோசப் ரெசின்ஸ்கியைப் பற்றிப் படித்தேன். வறுமையில் வளர்ந்து பாதிரியாரானவர். 1956-இல் பாரிஸ் அருகே நுவாசி-லெ-கிரான் என்ற இடத்தில் வீடற்ற குடும்பங்கள் தங்கியிருந்த முகாமுக்குப் போய், அவர்களோடேயே வாழ்ந்தார். அங்கே நடந்த இலவச உணவு வழங்கலை நிறுத்தி, நூலகத்தையும் மழலையர் பள்ளியையும் கொண்டுவந்தார். பசியை அறியாதவர் செய்த காரியம் இல்லை அது. 1987 அக்டோபர் 17-இல் அவர் அழைப்பின் பேரில் பாரிஸின் ட்ரோகாடெரோ சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடியது. அந்தத் தேதியைத்தான் இன்று ஐ.நா. வறுமை ஒழிப்பு நாளாக வைத்திருக்கிறது. அவரைப் பற்றி வாசித்தபோதெல்லாம் மேசைமேல் இருந்த அந்தப் பை நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நாம் வரிசை வைக்கவில்லை. எது தேவை, யாருக்கு முதலில் என்பதைத் தெருக் குழு முடிவு செய்தது. பொருள் இருட்டிய பிறகு வீட்டுக்கே போனது. படம் இல்லை என்றதும் சில நன்கொடையாளர்கள் விலகிக்கொண்டார்கள். படம் கேட்காமல் தொடர்ந்து கொடுத்தவர்களுக்கு என் வணக்கம்.

களப்பணியாளர்களே, சொற்பச் சம்பளத்தில், சொந்தப் பெட்ரோலில், மழையிலும் வெயிலிலும் சந்து சந்தாக நடந்தவர்கள் நீங்கள். மேடையில் பாராட்டு எனக்கு விழுந்தது. அது சரியில்லை என்று அப்போதே தெரியும், மறுக்கவும் இல்லை. ஒரு குழந்தைக்கு வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தபோது, எனக்கு முந்தியே அதைப் பேசத் துணிந்த தோழிக்குக் கூடுதலாக ஒரு நன்றி. என் வீட்டாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை; இரவு ஏழரைக் கூட்டங்களின் கணக்கை அவர்கள்தான் வைத்திருக்கிறார்கள்.

கூடத்துச் சாவியை நேற்று ஒப்படைத்துவிட்டேன். வாங்கிக்கொண்டவர் அன்று கதவைத் திறக்காத அக்கா. இப்போது அவர்தான் தெருக் குழுவின் பொறுப்பாளர். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே, "புதுசா வர்றவங்களும் படிவத்தோடதான் வருவாங்களா?" என்று கேட்டார். வரலாம் அக்கா. அந்தத் தாள் எங்கே என்று அவர்களிடமும் கேளுங்கள்.

புதன்கிழமைக் கூட்டம் வழக்கம்போல ஏழரைக்கு. மூன்றாவது சந்தின் விளக்கு போன மாதம் மறுபடியும் அணைந்துவிட்டது. மனுவின் நகல் நீல நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய ஒருங்கிணைப்பாளர்