பெயர் சொல்லாமல் போன தம்பிக்கு நன்றி

தங்கச்சிமடத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்து உதவிய தம்பிக்காக இதை எழுதுகிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில் படிவம், ஆதார் நகல் என்று கடையில் கூட்டம்தான். பழைய பிடிஎஃப் மென்பொருள் ஒன்றை நீக்கியதும் எந்த பிடிஎஃப்பும் திறக்கவில்லை. ஐகான்கள் எல்லாம் வெள்ளைத் தாளாகிவிட்டன.

பிரிண்ட் எடுக்க வந்த அந்தத் தம்பி, “அக்கா, ஃபைல் எதுவும் கெடல. எதுல திறக்கணும்னு விண்டோஸுக்குத் தெரியல, அவ்வளவுதான்” என்றார். அந்தப் பதற்றத்தில் இதைக் கேட்டதே பெரிய ஆறுதல். ஒரு கோப்பில் ரைட் கிளிக் செய்து, ‘ஓப்பன் வித்’ போய், எட்ஜ் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அதிலேயே திறக்கும்படி வைத்தார். எல்லா பிடிஎஃப்பும் திறந்தன. செட்டிங்ஸில் ‘டீஃபால்ட் ஆப்ஸ்’ பகுதியில் ஒவ்வொரு கோப்பு வகைக்கும் இப்படி மாற்றலாம் என்றும் காட்டினார். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச மென்பொருள் எதையும் இறக்க வேண்டாம் என்றார். மிக நல்ல அறிவுரை.

காசு வாங்கவில்லை. அவருக்குப் பின்னால் காத்திருந்த மீனவக் குடும்பத்து அக்காக்கள் அன்றே படிவத்தோடு போனார்கள். தம்பி, ரொம்ப நன்றி. எப்போது வந்தாலும் இது உங்கள் கடை.