கோவில் பழுதுபார்ப்பு: அரசு நிதிக்கு மனு

பங்கு மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழையில் பீடத்துக்கு மேலே காரை பெயர்ந்து விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். இன்னொரு மழைக்காலம் தாங்காது. பழைய தேவாலயங்களைச் சீரமைக்கத் தமிழ்நாடு அரசு நிதி தருகிறது. 20 ஆண்டு தாண்டிய கட்டடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இரண்டு தவணையாகக் கோவில் வங்கிக் கணக்குக்கே வரும்.

கூட்டம்: வரும் ஞாயிறு (12ஆம் தேதி), காலைப் பூசை முடிந்ததும் 8.30 மணிக்கு, கோவில் மண்டபத்தில்.

1. பழைய பத்திரம், பட்டா யார் வீட்டில் இருந்தாலும் நகல் கொண்டு வாருங்கள். கோவில் இருக்கும் இடம் முறையாகப் பதிவாகியிருந்தால்தான் மனு நிற்கும்.
2. வெளிநாட்டு நிதி வாங்கவில்லை என்று சான்று தர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் கேட்காமல் கோவில் கணக்கில் பணம் போட வேண்டாம்.
3. நம் சுவர் கடல்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். தெற்குப் பக்கம் சிமெண்ட் பூசிய இடத்தில்தான் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, கை வைத்தாலே உதிர்கிறது. திரும்பவும் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இருந்தால் உடனே சொல்லுங்கள்.
4. ஒருமுறை நிதி வாங்கினால் அடுத்த 5 ஆண்டுக்குக் கேட்க முடியாது. ஒழுகும் இடம், விரிசல் எதையும் விடாமல் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.

அப்புறம், கடலுக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து ஒருவரையாவது அனுப்புங்கள். வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பதில் போடவும்.

செயலாளர், பங்குப் பேரவை