தொனி வேறு, டோன் வேறு

அன்புள்ள செல்வம்,

மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு என் ஆள்காட்டி விரல்தான் காரணம். பணி ஓய்வு பெற்ற கையோடு வயலின் கற்கச் சேர்ந்தேன் அல்லவா? சுருதி சேர்க்கும்போது தந்தியை முறுக்கும் ஆணியான பிருடையைக் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டேன். இருப்பதிலேயே மெல்லிய தந்தி கீச்சென்று ஏறி, பட்டென்று அறுந்து, விரலில் சிவப்பாக ஒரு கோடு போட்டுவிட்டது. என் ஆசிரியருக்கு என் பேரன் வயதுதான் இருக்கும். "காதை மட்டும் நம்பாதீர்கள் ஐயா, தந்தி எவ்வளவு விறைத்திருக்கிறது என்று கையும் சொல்லும்" என்றார்.

விரலில் கட்டோடு உட்கார்ந்திருந்தபோது வேறு வேலை இல்லை. 'டோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பைத் தேடிப் போனேன். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் நான் முழங்கியது உனக்கு நினைவிருக்கும். "நம் தொனிதான் கடல் கடந்து போய் டோன் ஆயிற்று" என்றேன். அரங்கமே கைதட்டியது. நீ மட்டும் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அதற்காக ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன், நீ சிரித்தது நியாயம்தான்.

டோனுக்கு மூலம் 'டோனோஸ்' என்ற கிரேக்கச் சொல். இழுத்துக் கட்டுதல், இழுத்துக் கட்டிய கயிறு அல்லது வார் என்பதே அதன் அடிப்படைப் பொருள். கி.மு. 479-இல் ஏதென்ஸ் படை செஸ்டாஸ் நகரை முற்றுகையிட்டது. உள்ளே சிக்கியவர்கள் பசி தாங்காமல் கட்டில் வார்களை வேகவைத்துத் தின்றார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அந்த வார்களுக்கு அவர் ஆளும் சொல் டோனோஸ்தான்! பாடகரின் குரலைக் கேட்டு "என்ன டோன்!" என்று உருகுகிறோமே, அதே சொல் அங்கே பானையில் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கட்டிலிலிருந்து இசைக்கு வந்த வழி நேரானது. யாழ் போன்ற கருவிகளில் தந்தியை இழுத்துக் கட்டினால்தான் ஒலி. இன்னும் இழுத்தால் சுருதி ஏறும். இழுவையின் பெயரே ஒலிக்கும் பெயராயிற்று. அதே தந்தியில், நீளத்தை மாற்றாமல் ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ச'விலிருந்து அடுத்த மேல் 'ச' வரை, மேலே போக வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். மெர்சேன் என்ற பிரெஞ்சுத் துறவி 1636-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. முன்பே படித்திருந்தால் என் விரல் தப்பியிருக்கும். பெரிய பியானோ ஒன்றில் எல்லாத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை 18 டன் அளவுக்கு வருமாம். அதற்காகவே உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் வைக்கிறார்கள்.

இசைக்காரர்களிடம் இந்தச் சொல் படும் பாடு தனிக்கதை. ஒலியின் குணமும் டோன், இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட தூரமும் டோன். அந்தத் தூரத்தில் பாதி செமிடோன். ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு. 'டியூன்' என்பதும் வேறு சொல் அல்ல, பழைய ஆங்கிலேயர் வாயில் டோன் திரிந்து வந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்தது 'டானிக்'. தசைகளின் விறைப்பைக் குறிக்கப் பிறந்து, தளர்ந்த உடலை மறுபடி முறுக்கேற்றும் மருந்துக்குப் பெயரானது. மேலை இசையில் நம் ஆதார சட்ஜம் போன்ற சுரத்துக்கும் அதுவே பெயர். ஆக, உன் மருத்துவர் எழுதித் தருவதும் ஒரு வகையில் சுருதி சேர்ப்புதான்.

டென்ஷன், டென்ட் எல்லாம் இதே குடும்பம். இன்னொரு உறவு நம் வாயிலேயே இருக்கிறது: தந்தி. வடமொழித் 'தந்த்ரீ'யும் கிரேக்க டோனோஸும் 'இழு, நீட்டு' என்ற ஒரே பழைய வேரில் கிளைத்தவை. டோனுக்கு உறவைத் தேடி நான் தொனியிடம் போய் நின்றேன். தந்தி பக்கத்திலேயே இருந்தது. தொனி வருவது 'த்வனி'யிலிருந்து. அது ஒலித்தல் என்ற வேறு வேர். ஓசையும் பொருளும் இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டு சொற்களுக்குள் ரத்த உறவு துளியும் இல்லை என்பதை ஏற்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இனி நீ சிரிக்கப்போகும் செய்தி. தொனிக்கும் ஆங்கிலத்தில் ஓர் உறவு உண்டு. அது 'டின்'. தகர டின் அல்ல. காது கிழியும் இரைச்சலுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல். புதுத் தந்தி கட்டி நேற்று மாலை மறுபடி வாசித்தேன். அடுத்த அறையிலிருந்து என் மனைவி கதவைச் சாத்திக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், இந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லாமலே அவள் சரியான சொல்லுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது.

உன் மகளின் பிரசவம் எப்போது? மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராமு