பத்தாய அறையில் உட்கார்ந்து பேசு

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ரெசிடென்சி என்கிற டாக்டர் மேற்பயிற்சிக்கு ஆன்லைனில் நடக்கப்போகிற இன்டர்வியூவுக்காக, நீயும் உன் ரூம்மேட்டும் நடத்திய ஒத்திகையைப் பார்த்தோம். பாதி புரியவில்லை என்று அப்பா எழுந்து தோப்புக்குப் போய்விட்டார். நான் இரண்டு தரம் பார்த்தேன். முப்பது வருஷம் தமிழ் மீடியம் பிள்ளைகளோடு கிடந்தவள் நான். ஒப்பிக்கிற முகம் எனக்குத் தெரியும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் ஒப்பித்தாய். அப்புறம், திரை ஓரத்தில் சின்னதாகத் தெரியும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதை மறைத்துவிட வழி இருக்கிறதாமே, மறைத்துவிடு. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, அதைப் பார்த்துப் பேசு.

மனப்பாடம் எனக்கு என்ன செய்தது தெரியுமா? வேலைக்குப் போன முதல் நேர்முகத்தில் எல்லாப் பதிலையும் மலையாளத்தில் உருப்போட்டுக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு எப்படி வருவீர்கள் என்று கேட்டார்கள். நான் குழந்தை உளவியல் பற்றி ஆரம்பித்துவிட்டேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

டிசம்பரில் ஊருக்கு வந்து இங்கிருந்தே பேசுகிறேன் என்கிறாய். வா. ஆனால் மாடி அறை வேண்டாம். அந்த மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று மறந்துவிட்டாயா? பனை ஓலைச் சத்தம் போனில் கேட்டால் அங்கே மழையா என்கிறார்கள். நெல் கொட்டிவைக்கிற பத்தாயம் இருக்கிற உள் அறைதான் சரி, சுவர் தடிமன். டியூப்லைட் மட்டும் போட்டால் கண்ணுக்குக் கீழே கருப்பாக விழுகிறது, டேபிள் விளக்கு ஒன்றை லேப்டாப்புக்குப் பின்னால் வை. கரண்ட் போனால் நம் இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும்தான் ஓடும், மோடம் அதில் இல்லை. ஆளை வரச் சொல்லியிருக்கிறேன். போன் ஹாட்ஸ்பாட்டையும் தயாராக வைத்துக்கொள்.

நேரத்தைக் கவனி. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அதுவரை நியூயார்க்கில் காலை 8 என்றால் நமக்கு மாலை 5.30, அதற்கப்புறம் 6.30. சிகாகோ என்றால் 7.30. முடிய நடுராத்திரி ஆகலாம், அதனால் ஐந்து மணிக்கே சாப்பிட்டுவிட வேண்டும். கொரோனா வந்த 2020-க்கு முன்னால் ஒவ்வொரு ஊருக்கும் விமானம் ஏறிப் போக வேண்டுமாம். அப்படி இருந்திருந்தால் அப்பா தோப்பைத்தான் விற்றிருப்பார்.

வேறு எந்தெந்த ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்திருக்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு அனுமதி இல்லை, யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு செய்கிற அந்த மேட்ச் விதியிலேயே இருக்கிறது என்று நீதான் சொன்னாய். கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்கக் கூடாதாம். நம் சொந்தக்காரர்களுக்கும் யாராவது இப்படி ஒரு விதி போட்டால் தேவலை.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். ஹவுஸ் சர்ஜன்சி முடித்த பிறகு அந்தப் பதினாலு மாதம் என்ன செய்தாய் என்று உன் ரூம்மேட் கேட்டாள். "குடும்பக் காரணங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினாய். உன் குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்பிச்சிக்கு, என் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்ததும் நீதான் பார்த்துக்கொண்டாய். மூக்கு வழியாகப் போகிற ரைல்ஸ் டியூபில் கஞ்சி ஊற்றுவதற்கு முன்னால் குழாய் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்து, கோடு போட்ட நோட்டில் எழுதினாய். "2 மணி இடது. 4 மணி வலது. 6 மணி மல்லாக்க, குதிகாலில் சிவப்பு." ராத்திரி நேரத்துப் பக்கங்களில் உன் கையெழுத்து கோணலாக இருக்கும். கடைசிவரை அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை. இன்டர்னல் மெடிசினுக்கு, அதாவது பொது மருத்துவத்துக்கு, ஆள் எடுக்கிறவர்களிடம் இதையா மறைக்கப் போகிறாய்? ரொம்ப நீட்டாதே, அழுதுவிடவும் வேண்டாம். யாரைப் பார்த்துக்கொண்டாய், தினமும் என்ன செய்தாய், அந்த மாதங்களில் படிப்பை எப்படி விடாமல் வைத்திருந்தாய், இவ்வளவு போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள்.

நோட்டு பத்தாயத்தின் மேல் இருக்கிறது, மஞ்சள் பையில். இன்வெர்ட்டர்காரர் வியாழக்கிழமை வருகிறார். டிக்கெட் போட்டதும் சொல், அப்பா பாலக்காடு ஸ்டேஷனுக்கு வருவார்.

அம்மா