எங்களுக்கு வாரத்தில் அரை நாள் தாருங்கள்

இளம் வைத்தியர்களுக்கான ஆய்வு முறையியல் பயிற்சிக்குப் பொறுப்பான மதிப்புக்குரிய பெரியோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் கொழும்பில் நடந்த ஒருநாள் செயலமர்வு எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். வந்தவர்களில் பலர் இரவுக் கடமை முடித்து நேரே வந்தவர்கள். ஓர் ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று (மாதிரி அளவு) கணிக்கும் பாடம் தொடங்கும்போதே அவர்களுக்குக் கண் சொருகிவிட்டது. மற்றவர்களுக்கு வாட்டை விட்டு வர அனுமதியே கிடைக்கவில்லை.

எங்களோடு வேலை செய்யும் ஒரு தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். டெங்கு நோயாளருக்குக் காய்ச்சல் தொடங்கி எவ்வளவு நேரத்தில் இரத்தத் திரவம் கசியத் தொடங்குகிறது என்பதுதான் அவள் கேள்வி. கடமை முடிந்த பிறகு பதிவறையில் இருந்து பழைய டிக்கட்டுகளை, அதாவது நோயாளரின் சிகிச்சைக் குறிப்பேடுகளைப் புரட்டினாள். "காய்ச்சல் 3 நாள்" என்று எழுதியிருக்கும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று இருக்காது. கசிவுக் கட்டமே 24 முதல் 48 மணித்தியாலம்தான். அதில் ஒரு நாள் முன்பின்னானால் கணக்கில் என்ன மிஞ்சும்? எல்லாம் சேர்த்து முடித்த பிறகுதான் புள்ளிவிபரவியலாளர் இதைச் சொன்னார். தொடக்கத்திலேயே கேள்வியையும் படிவத்தையும் பார்க்க ஒருவர் இருந்திருந்தால், வாட்டில் புதிதாக வரும் நோயாளரிடமே நேரத்தைக் கேட்டு எழுதியிருப்பாள். இப்போது ஆய்வு என்றாலே ஒதுங்கிப் போகிறாள்.

2017இல் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவான நாடு இது. 1887இலேயே மருத்துவ சஞ்சிகை தொடங்கிய நாடும்கூட. மேற்படிப்புக்கு ஆய்வு வேண்டும் என்கிறீர்கள். அதைக் கற்க நேரம் எங்கே? ஆய்வில் சேர நோயாளர் கையொப்பமிடும் சம்மதப் படிவத்தின் தமிழ் வடிவத்தைக் கடைசி நேரத்தில் தமிழ் தெரிந்த டொக்டர் யாரையாவது பிடித்து எழுதுவிக்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் அம்மா அது என்னவென்று விளங்காமலே கையொப்பம் வைக்கிறார். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். கடமைப் பட்டியலிலேயே வாரத்தில் அரை நாளை ஆய்வுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். கேள்வி எழுதும் நாளிலிருந்து கட்டுரை முடியும்வரை கூட இருக்க, வைத்தியசாலைக்கு ஒரு வழிகாட்டியையாவது நியமியுங்கள். சான்றிதழ் தராவிட்டாலும் பரவாயில்லை, அந்த அரை நாளைத் தாருங்கள்.

தென்மேற்குப் பருவமழையோடு வாட்டுகள் மறுபடி நிரம்பும். அதற்கு முன் தொடங்கினால், இம்முறை காய்ச்சல் தொடங்கிய நேரத்தையாவது ஒழுங்காகப் பதிவோம். உங்கள் பதிலைத் தயவுடன் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கொழும்பில் பணிபுரியும் ஓர் இளம் வைத்தியர்