செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு ஹெலிகாப்டரும் அதன் கணக்குகளும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எல்லா விமானங்களையும் நுனிப்புல் மேய்கிறோம் என்று சென்ற பொதுக்குழுவில் குறைபட்டுக்கொண்டீர்கள். அதனால் இந்த ஆண்டு முழுவதும் ஒரே இயந்திரத்தோடு உட்கார்ந்தோம்: ராபின்சன் ஆர்22, இரண்டு இருக்கை, பிஸ்டன் இன்ஜின். கலிபோர்னியாவின் டோரன்ஸில் 1975-இல் முதன்முதலாகப் பறந்து, 1979-இல் சான்றிதழ் பெற்றது. ஃபிராங்க் ராபின்சன் அதைத் தனிமனிதர் ஓட்டும் வண்டியாகத்தான் நினைத்து வடிவமைத்தார். விலை மலிவு என்பதால் பயிற்சிப் பள்ளிகள் அள்ளிக்கொண்டன.

முதலில் ஒரு திருத்தம். நம் துண்டறிக்கையில் "ஆயுள் 2,200 மணி" என்று அச்சானது என் பிழை. 2,200 மணி அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது முழு ஓவர்ஹால், அதாவது பிரித்துப் புதுப்பிக்கும் வேலை, செய்ய வேண்டும் என்பதே சரி. ஆண்டுக்கு 800 மணி பறக்கும் பள்ளியில் மூன்றாம் ஆண்டு முடியுமுன்பே அந்தச் செலவு வந்து நிற்கும். ஆசைக்கு வாங்கி உறைபோட்டு மூடிவைத்தவரையும் 12-ஆம் ஆண்டு விடாது. பராமரிப்புக்கான மணி, சக்கரமோ சறுக்குக்காலோ தரையை விட்டது முதல் மீண்டும் தொடும்வரைதான். இன்ஜின் சூடாகக் காத்திருக்கும் நேரம் அதில் சேராது. மேலே எழும்ப விமானி இழுக்கும் கலெக்டிவ் என்ற நெம்புகோலைத் தூக்கினால் மட்டும் ஓடும் மீட்டர் இதற்காகவே வந்தது.

அடுத்தது ஐந்து நிமிடக் கணக்கு. பீட்டா 2 வகையில் லைகோமிங் ஓ-360 இன்ஜினுக்கு 131 குதிரைத்திறன் ஐந்து நிமிடம்தான், பிறகு 124. அந்த இன்ஜினால் இன்னும் அதிகம் தர முடியும். வேண்டுமென்றே கடிவாளம் போட்டிருக்கிறார்கள். இன்ஜின் நீடித்து உழைக்கும், காற்று மெலிந்த உயரத்திலும் கையிருப்பு இருக்கும். இது கஞ்சத்தனம் என்று வாதிட்ட உறுப்பினர் கடைசிவரை மசியவில்லை. அவர் மறுப்பையும் பதிவுசெய்கிறேன்.

எடைக் கூட்டத்துக்குத்தான் கூட்டம் அலைமோதியது. உச்ச எடை 622 கிலோ. வெற்று எடை ஏறத்தாழ 400. மிஞ்சுவது 222 கிலோ. பக்கத்து அரிசி மண்டியிலிருந்து எடை இயந்திரத்தை இரவல் வாங்கிப் பொருளாளரையும் துணைத்தலைவரையும் ஏற்றினோம்: இருவரும் சேர்ந்து 176. பெட்ரோலுக்கு 46 கிலோ, அதாவது 64 லிட்டர் போல. மணிக்கு 35 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், இருப்பு ஒதுக்கியபின் ஒன்றரை மணிப் பறப்புக்கு மேல் தேறாது. இருக்கைக்கு 109 கிலோ என்ற வரம்பு தனி. பொருளாளர் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு மறுபடி ஏறினார். முள் அசையவில்லை.

மிகச் சிறிய கணக்கு ஓரிரு வினாடி. தலைக்கு மேல் சுழலும் இதன் இறக்கைகள் இலேசானவை. இன்ஜின் நின்றால் சுழற்சி சட்டென்று விழும். அதற்குள் கலெக்டிவைக் கீழே இறக்கியாக வேண்டும். உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கணினியில் இதை ஓட்டிப் பார்த்தோம். நெம்புகோல் இருப்பது இடப்பக்கம், பார்ப்பதற்கு ஹேண்ட்பிரேக் போல. ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநரான நம் மூத்த உறுப்பினர், எச்சரிக்கை ஒலி கேட்டதும் நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அதை மேலே இழுத்தார். திரையில் எல்லாம் முடிந்தது. "ஐயா, கீழே!" என்று நாங்கள் கத்தியது அதற்குப் பிறகுதான். புதிதாகக் கற்பவர் ஆர்22-இல் தனியாகப் பறக்குமுன் 20 மணி நேரம் ஆசிரியரோடு பறக்க வேண்டும் என்று அமெரிக்க விமான நிர்வாகம் 1995-இல் தனி விதி போட்டதன் நியாயம் அன்று எல்லோருக்கும் விளங்கியது.

சந்தா நிலுவை நான்கு பேரிடம் இருக்கிறது, பெயர் சொல்லவில்லை. மண்டிக்காரர் வாடகை வாங்க மறுத்துவிட்டதால் அவருக்கு நன்றித் தீர்மானம் முன்மொழிகிறேன். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

செயலாளர்