வீடு தேடி வந்த அக்காவுக்கு நன்றி

பெயர் போட வேண்டாம் என்றீர்கள். அக்கா என்று மட்டும் எழுதுகிறேன்.

ஓர் ஆய்வுக்காக அம்மாவின் கல்லீரல் கொழுப்பைப் பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணில் பட்டதோ சிறுநீரகத்தில் ஒரு நிழல். ஆய்வுக் குழுவில் இருந்த நீங்கள் போனில் சொல்லி முடித்திருக்கலாம், பாம்பனுக்கே வந்தீர்கள். கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்துத் திரும்பிய அம்மா, விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து முடிக்கும்வரை திண்ணையில் காத்திருந்தீர்கள். யார் உடன் இருக்கலாம் என்று அம்மாவிடமே கேட்டீர்கள். (எங்கள் பக்கம் மகனிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம்.)

“இது ஆய்வுக்கு எடுத்த படம் அம்மா, நோயைக் கண்டுபிடிக்க எடுத்ததில்லை. இது என்னவென்று சொல்ல வேறு ஸ்கேன் வேண்டும்” என்றீர்கள். பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. எதிர்பாராமல் ஏதாவது தெரிந்தால் சொல்லலாம் என்று ஒப்புதல் படிவத்தில் அம்மா கைநாட்டு வைத்த இடத்தையும் காட்டினீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளிலும் இந்தப் பேச்சு உண்டு. ஆனால் தாளில் இருப்பதெல்லாம் வாசலுக்கு வந்துவிடுவதில்லை.

படத்தின் தேதி, நிழல் தெரிந்த பக்கம், அளவு எல்லாம் எழுதிக் கடிதம் தந்தீர்கள். அதனால் ராமநாதபுரத்தில் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், வெறும் நீர்க்கட்டிதான், சிகிச்சை தேவையில்லையாம்.

அம்மா உங்களுக்காக நெத்திலிக் கருவாடு எடுத்துவைத்திருக்கிறார். இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், அக்கா.